பசியை அடக்கும் மருந்துகள் வந்த வரலாறு



உடல் பருத்தவரைப் பார்த்து நம் தோட்டங்களில் வழங்கும் சொற்கள் சில உண்டு. 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்பார்கள். 'தின்று தின்று வளர்த்த உடம்பு' என்பார்கள். பருத்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் சூட்டும் பட்டப்பெயர்களை ஆசிரியர்களாகிய நாங்கள் பள்ளியில் நாள்தோறும் கேட்கிறோம். அவற்றில் பாதி வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கற்று வந்தவை. அரசாங்கக் கிளினிக்கிற்கு இனிப்புநீர் மருந்து வாங்கப் போகும் ஓர் அம்மாவிடம் 'எடையைக் குறையுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் சோற்றைக் குறைக்கிறார். தேநீரில் டின் பாலை விடுகிறார். நான்கைந்து கிலோ இறங்குகிறது. அடுத்த தீபாவளி வருவதற்குள் இறங்கிய எடை மீண்டும் ஏறிவிடுகிறது. உடனே வீட்டார் அவரைத்தான் குறை கூறுகிறார்கள்.

இது ஒருவர் இருவர் கதையன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே இந்தக் கணக்கு இன்னும் கூடுதல்.

பசி என்பது யாது? அது மனத்தின் ஆசையா, உடலின் கட்டளையா? இவ்வினாவுக்கு விடை தேடிய ஒரு நீண்ட வரலாற்றை இன்றைய உரையில் காண்போம். ஒளவையார் தம் 'நல்வழி'யில், சொன்ன சொல் கேளாத வேறோர் ஆளோடு பேசுவதுபோல் தம் வயிற்றோடு வழக்காடியிருக்கிறார். அறிவியலார் கண்டறிந்தது ஏறக்குறைய அதுதான். ஆனால் அதைக் கண்டறிய அவர்களுக்கு நூறாண்டு பிடித்தது.

1902ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சி செய்தனர். உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. குடலில் உணவு வந்த செய்தியைக் கணையத்திற்குச் சொல்வது யார்? நரம்புதான் என்று அதுகாறும் எண்ணியிருந்தார்கள். இவ்விருவரும் ஒரு நாயின் குடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடல் ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் கலந்து அனுப்புகிறது என்று தெரிந்தது. இத்தகைய பொருள்களுக்கு 1905இல் ஸ்டார்லிங் வைத்த பெயரே ஹார்மோன்.

ஹார்மோனை நாம் இப்படி விளங்கிக்கொள்ளலாம். தோட்ட ஆபீசில் கிராணி ஒரு சீட்டு எழுதித் தருகிறார். அச்சீட்டை ஸ்டோரில் கொடுத்தால் சாமான் வெளியே வருகிறது. கிராணி ஸ்டோருக்கு நடந்து போவதில்லை; சீட்டே போகிறது. நம் உடலிலும் ஓர் உறுப்பு சீட்டு எழுதுகிறது. இரத்தம் அதைத் தூக்கிச் செல்கிறது. வேறோர் உறுப்பு அதைப் படித்து வேலை செய்கிறது. இந்தச் சீட்டு நமக்கு இன்னும் பலமுறை வேண்டியிருக்கும்.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதைக் கடந்து செல்வோம்.

எடையைக் குறைக்கும் மருந்துகள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வந்த வழி வருந்தத்தக்கது. முதல் உலகப்போரின்போது பிரெஞ்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் மஞ்சள் இரசாயனத்தைத் தொழிலாளர்கள் கையாண்டார்கள். அவர்களுள் பலருக்குக் காய்ச்சல் கண்டது, வியர்த்துக் கொட்டியது, உடல் மெலிந்தது. சிலர் மாண்டும் போனார்கள். தொழிலாளியைக் கொன்ற அதே பொருளை 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மெலிவதற்கு மருந்தாக்கலாம் என்று எழுதினார்கள். ஓராண்டு சென்றதும், சுமார் ஒரு இலட்சம் பேர் அதை உட்கொண்டிருக்கலாம் என்று அவர்களே கணக்கிட்டார்கள். பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடல் வெந்து இறந்தனர். 1938இல் வந்த சட்டத்தால்தான் அது நின்றது. பின்னர் ஆம்பிட்டமின் வந்து, மக்களை அடிமைப்படுத்தியது. ஃபென்ஃப்ளூரமின் வந்து, இருதய வால்வுகளைக் கெடுத்து, 1997இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2002இல் நம் பக்கத்திலேயே, சிங்கப்பூரில், மூலிகை என்ற பெயரில் விற்ற மெலியும் மாத்திரைகளால் ஒரு பெண்மணி ஈரல் பழுதாகி இறந்தார்; இன்னொருவர் மாற்று ஈரல் பெற்று உயிர் பிழைத்தார். அந்த மாத்திரைக்குள் ஃபென்ஃப்ளூரமினின் உறவுப் பொருள் ஒன்று கலந்திருந்தது.

இத்தனை மருந்துகளுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருந்தது: பருத்தவர் உடம்பை எப்படியாவது எரிக்க வேண்டும், அல்லது மிரட்டிப் பசியை மறக்கடிக்க வேண்டும். பசியை எழுப்புவது யார் என்று தேடியவர்கள் மிகச் சிலரே.

இங்கே பட்டினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களுக்குப் பின்னாளில் எப்படி உணவூட்டுவது என்று அறிவதே நோக்கம். 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவு தரப்பட்டது. எடையில் கால் பங்கு போயிற்று. நல்ல படிப்பும் ஒழுக்கமும் உள்ள அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை நாவல்போல் வாசித்தார்கள். சோதனை முடிந்து வயிறார உண்ண விட்டபோது சிலர் நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டார்கள். வயிறு வலிக்கும், பசி மட்டும் அடங்காது. இது பல மாதம் நீடித்தது. அவர்கள் மனவுறுதி இல்லாதவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலும் பட்டினி இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடாகி, மரவள்ளிக்கிழங்கே சோறானது. ஆண்கள் பலர் பர்மா சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தப் பஞ்சத்தைக் கண்ட பாட்டிமார்கள், தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்கள் அனுபவத்தில் அது நியாயமே. பால்மரக் காட்டில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாளெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்புக்கு அந்த உணவு பற்றாமலும் இருந்தது. இன்று வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கு வேனில் வருகிறார்கள். சர்க்கரை கலந்த பானம் சஞ்சிக்கடையிலும் கிடைக்கிறது. தட்டு மட்டும் பழைய தட்டாகவே இருக்கிறது.

இனி, வரலாற்றைத் திருப்பிய சுண்டெலிகளுக்கு வருவோம்.

அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் மேய்ன் மாநிலம் உள்ளது. அங்கே பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் சுண்டெலிகளை வளர்த்து ஆராயும் இடம். 1949 கோடையில், அங்குள்ள கூண்டு ஒன்றில் ஒரு சுண்டெலி அளவுக்கு மீறிப் பருத்திருப்பதைக் கண்டார்கள். சினையாக இருக்கிறது என்றே முதலில் எண்ணினார்கள். குட்டி ஒன்றும் பிறக்கவில்லை. அது ஓயாமல் தின்றுகொண்டே இருந்தது. 1966இல் இன்னொரு வகைப் பருத்த சுண்டெலியும் அங்கே அறிவிக்கப்பட்டது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

டக்ளஸ் கோல்மன் என்னும் ஆய்வாளர் இரண்டு சுண்டெலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள்ளும் ஓடும்படி செய்தார். கேட்கவே நமக்குக் கூசுகிறது. ஆயினும் அதிலிருந்து கிடைத்த அறிவு பெரிது. முதல் வகைப் பருத்த எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, பருத்தது உணவைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகைப் பருத்த எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோதோ, சாதாரண எலி உணவைத் தொடாமல் பட்டினியால் செத்தது; பருத்தது மட்டும் தின்றுகொண்டே இருந்தது. இரண்டு பருத்த எலிகளையும் ஒன்றோடொன்று இணைத்தார். முதல் வகை எலி உண்ணாமல் செத்தது.

நம் சீட்டை இப்போது எடுத்துக்கொள்வோம். 'போதும், நிறுத்து' என்று ஒரு சீட்டு இரத்தத்தில் போகிறது. முதல் வகை எலியில் அந்தச் சீட்டை எழுத ஆள் இல்லை; வேறு எலியிலிருந்து சீட்டு வந்தால் படித்துக் கீழ்ப்படிகிறது. இரண்டாம் வகை எலியில் சீட்டு மலைபோல் குவிகிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சீட்டுக் குவியல் அடுத்த எலியின் உடலுக்குள் போனபோது அது உண்பதையே விட்டுவிட்டது. கோல்மன் இதை 1969லிருந்து வெளியிட்டு வந்தார். அக்காலத்து அறிஞர் பலர் தலையாட்டவில்லை. பருமன் என்பது பழக்கத்தின் கோளாறு என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியிருந்தது.

அந்தச் சீட்டு என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1994 டிசம்பரில் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவை வெளியிட்டார்கள். உடற்கொழுப்பே சீட்டை எழுதுகிறது என்று தெரிந்தது. கிரேக்க மொழியில் மெலிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தனர். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை என்று எண்ணியிருந்தோம். அது மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பும் உறுப்பாக இருந்தது. மருந்து செய்யும் உரிமைக்கு ஒரு நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்தது.

1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஸ்டீபன் ஓரஹில்லி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியது. அவர்கள் உறவுப் பிள்ளைகள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. உண்டு முடித்த சிறிது நேரத்திலேயே மீண்டும் பசி. பார்த்தவர்கள் பெற்றோரின் வளர்ப்பைக் குறை கூறியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். இரத்தத்தைச் சோதித்தபோது, அந்தப் பருத்த சுண்டெலியைப் போலவே அவர்கள் உடலில் லெப்டின் இல்லை. ஒன்பது வயதில் அந்தச் சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். அப்போது எடை 94.4 கிலோ. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. உணவின் மீதிருந்த வெறி சில நாட்களிலேயே தணிந்தது. வளர்ப்பும் அதேதான், வீடும் அதேதான். வந்து சேர்ந்தது ஒரு ஹார்மோன்.

இனி உலகில் பருத்தவர் எல்லாருக்கும் லெப்டின் ஊசி போடலாம் என்று பத்திரிகைகள் எழுதின. அது பலிக்கவில்லை. லெப்டின் அறவே இல்லாத பிள்ளைகள் உலகில் மிக மிகச் சிலர். மற்றப் பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை; கூடுதலாகவே இருந்தது. சீட்டு வந்து குவியக் குவிய, ஸ்டோர்காரர் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார். மேலும் சீட்டு அனுப்பிப் பயனில்லை.

1999இல் ஜப்பானியர் கோஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையிலிருந்து எழும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டனர். இது 'உண்' என்று சொல்லும் சீட்டு. 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து பிரியா சுமித்ரனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கிளினிக்கிலிருந்து திட்டு வாங்கி வரும் நம் தாய்மார்களுக்காகவே செய்தாற்போல் இருக்கிறது. பருத்தவர் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்தார்கள். சராசரி 13.5 கிலோ இறங்கியது. பசி ஹார்மோன்கள் உயர்ந்தன. நிறைவு ஹார்மோன்கள் தாழ்ந்தன. ஓராண்டு கழித்து மறுபடியும் அளந்தார்கள். எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஹார்மோன்களோ பழைய நிலைக்கு வரவில்லை. ஓராண்டுக்குப் பின்னும் உடல் பஞ்சத்தில் இருப்பதாகவே எண்ணி 'உண், உண்' என்று சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

சரி, மருந்து எங்கிருந்து வந்தது? பசியைத் தேடியவர்களிடமிருந்து அன்று, இனிப்புநீரை ஆராய்ந்தவர்களிடமிருந்து.

சர்க்கரையை நரம்பில் ஏற்றுவதைவிட வாய்வழி உட்கொண்டால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்று 1964இல் தெரிந்தது. அப்படியானால் குடல் ஏதோ சீட்டு அனுப்புகிறது. 1980களில் பாஸ்டன் நகரில் ஜோயல் ஹாபனர் மீனின் கணையத்திலிருந்து ஒரு மரபணுவை ஆராய்ந்தபோது புதிய ஹார்மோன் ஒன்றின் தடயம் கிடைத்தது. அதன் பெயர் ஜி.எல்.பி.-1. அதில் வேலை செய்யும் பகுதி எது என்று இனங்கண்டு, அதைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டியவர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஸ்வெட்லானா மொய்சோவ் என்னும் பெண்மணி. டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்டும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். 1987இல் ஆய்வுகள் வெளிவந்தன. காப்புரிமைப் பத்திரங்களில் மொய்சோவின் பெயர் விடுபட்டிருந்தது. அவர் போராடித் தம் பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில், 2024இல், லாஸ்கர் பரிசு ஹாபனரோடு அவருக்கும் கிடைத்தது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இப்பெயரை நினைவில் வைக்கலாம்.

ஜி.எல்.பி.-1 இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் 'போதும்' என்கிறது. எலிகளின் மூளையில் செலுத்தினால் அவை உண்பதைக் குறைக்கின்றன என்று 1996இல் இலண்டனில் கண்டார்கள். ஆனால் ஒரு தொல்லை. இரத்தத்தில் இது இரண்டு நிமிடங்களில் பாதியாகச் சிதைந்துவிடும். எழுதிய மை காயுமுன் எழுத்து அழிந்துபோகும் சீட்டைக் கொண்டு மருந்து செய்வது எப்படி?

விடை ஒரு பல்லியின் வாயில் கிடைத்தது. அரிசோனாப் பாலைவனத்தில் ஹீலா என்னும் நச்சுப் பல்லி வாழ்கிறது. நம் செம்பனைக் காட்டில் ஓடும் உடும்பைவிடச் சிறியது. கறுப்பும் இளஞ்சிவப்புமாக மணி கோத்தாற்போன்ற தோல். வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆண்டுக்குச் சில வேளைகளே உண்ணும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் போர்வீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங் என்னும் மருத்துவர், இதன் நஞ்சில் ஒரு பொருளை 1992இல் கண்டறிந்தார். அது ஜி.எல்.பி.-1ஐ ஏறக்குறையப் பாதியளவு ஒத்திருந்தது. ஆனால் சில மணி நேரம் சிதையாமல் நின்றது. அவர் பணிபுரிந்த துறை அதில் அக்கறை காட்டாததால், தம் சொந்தச் செலவில் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து செய்த எக்ஸெனடைட் என்னும் ஊசி மருந்து 2005இல் அமெரிக்காவில் இனிப்புநீருக்கு அனுமதி பெற்றது. போட்டுக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. அத்துடன், பசி குறைந்து எடையும் இறங்கியது.

டென்மார்க்கில் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியர்ரே குனுட்சன் என்னும் பெண் விஞ்ஞானி வேறு வழி கண்டார். ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டினால், அது இரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தங்கும். நாளுக்கொரு முறை போடும் லிராகுளூட்டைட் 2010இல் அமெரிக்காவில் இனிப்புநீருக்கும், 2014இல் உடற்பருமனுக்கும் அனுமதி பெற்றது. வாரத்திற்கு ஒருமுறை போடும் செமாகுளூட்டைட் 2017இல் இனிப்புநீருக்கும், 2021இல் உடற்பருமனுக்கும் வந்தது. செய்திகளில் ஓசெம்பிக், வெகோவி என்று நாம் கேட்கும் பெயர்கள் இதனுடையவையே.

2021இல் வெளிவந்த ஆய்வில் 1,961 பேர் 68 வாரம் பங்கேற்றனர். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி அறிவுரை எல்லாருக்கும் ஒன்றே. செமாகுளூட்டைட் போட்டவர்கள் சராசரி 14.9 விழுக்காடு எடை இறங்கினார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் 2.4 விழுக்காடு. 90 கிலோ உள்ளவருக்கு முன்னது 13 கிலோவுக்கு மேல். பின்னது இரண்டு கிலோ சொச்சம். இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் டிர்செப்படைட் என்னும் மருந்தின் ஆய்வில், 2022இல், உயர்ந்த அளவில் 20.9 விழுக்காடு இறங்கியது. 2023இல் 17,604 இருதய நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எங்களுக்கு இந்தக் கடைசிக் கணக்கே பெரிதாகப் படுகிறது. மெலிவது அழகுக்கு என்பார்கள். நம் தோட்டங்களில் ஐம்பது வயதில் சாயும் தந்தையரைப் பார்த்தவர்களுக்கு அழகு பெரிதன்று.

ஊசி போட்டவர்கள் சொல்லும் ஒரு செய்தி உண்டு. சாப்பாட்டைப் பற்றி மனத்திற்குள் ஓயாமல் ஓடிய பேச்சு நின்றுவிட்டதாம். மற்றவர்களுக்கு அப்படி ஒரு பேச்சு ஓடுவதே இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தார்களாம்.

ஊசியை நிறுத்தினால்? அதே ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பின் ஓராண்டு கவனித்தார்கள். இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான் இதுவும்.

இங்கே மிகைத்தீனி நோய் பற்றித் தனியே பேசுதல் வேண்டும். அதிகம் உண்பவர் எல்லாருக்கும் இந்நோய் இல்லை. இந்நோய் உள்ளவர் குறுகிய நேரத்தில் மிகுந்த உணவை, பசி இல்லாதபோதும், வயிறு வலிக்கும்வரை, பெரும்பாலும் தனிமையில் உண்பார். நிறுத்த நினைத்தாலும் கை நிற்பதில்லை. பிறகு வெட்கமும் வெறுப்பும் வாட்டும். வீட்டார் உறங்கிய பின் சமையலறையில் நின்று பானையைத் துழாவுகிறவரைத் திருடியைப்போல் பேசுவது நம் வழக்கம். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் 1959இலேயே இதை எழுதினார். தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 2013இல்தான். வாரத்திற்கு ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் நோய் என்பது அதன் கணக்கு.

இதற்கு முதல் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. அதில் நோயாளியிடம் முதலில் கேட்டுக்கொள்வது, வேளை தவறாமல் உண்ணுங்கள் என்பதே. காலையும் மதியமும் பட்டினி கிடந்தால் இரவில் மடை உடைகிறது. மின்னசோட்டா இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். 2015இல் லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் என்னும் மருந்து அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது. அது ஆம்பிட்டமின் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் கட்டுப்பாடு கடுமை. ஜி.எல்.பி.-1 மருந்துகளை இந்நோய்க்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் மிகைத்தீனி குறைந்தது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, காலமும் குறுகியது. 2025வரை அமெரிக்காவில் இம்மருந்துகள் இந்நோய்க்கென்று அனுமதி பெறவில்லை. உண்ட பின் வேண்டுமென்றே வாந்தி எடுப்பவருக்கும், தம்மைத் தாமே பட்டினி போடுபவருக்கும் பசியை அடக்கும் ஊசி ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி இது. வெட்கத்தால் மறைத்துவிட்டு எடைக்கு மட்டும் மருந்து கேட்பது கூடாது.

ஊசியின் தொந்தரவுகளும் உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். அளவை மெல்ல மெல்ல ஏற்றுவது அதனால்தான். பித்தப்பைக் கல் வரலாம். கணைய அழற்சி அரிது, ஆனால் கடுமையானது. கொழுப்போடு தசையும் கரையும். இன்சுலினோ சில இனிப்புநீர் மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடலாம். ஆகவே வீட்டிலுள்ள மருந்து உறைகளை எல்லாம் கிளினிக்கிற்கு எடுத்துச் செல்க. கருவுற்ற தாய்மாருக்கு ஆகாது. கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து அஞ்சலில் வரவழைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் போலிச் செமாகுளூட்டைட் ஊசிகள் பல நாடுகளில் பிடிபட்டதாக எச்சரித்தது. 2002இல் சிங்கப்பூரில் நடந்ததை மறக்க வேண்டாம்.

விலையையும் சொல்லிவிடுவோம். 2021இல் உடற்பருமனுக்கு இந்த ஊசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது மாதத்திற்கு 1,349 டாலர் என்று விலை குறித்தார்கள். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நோய் யார் வீட்டில் இருக்கிறது, மருந்து யார் கைக்கு எட்டுகிறது என்பது விளங்கும். 2025 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பருமனை நாள்பட்ட, மீண்டும் மீண்டும் தலைதூக்கும் நோய் என்று குறித்து, வயது வந்தோருக்கு இம்மருந்துகளை உணவு, உடற்பயிற்சி உதவியோடு நீண்டகாலம் தரலாம் என்று நிபந்தனைகளுடன் பரிந்துரைத்தது. விலையும் தட்டுப்பாடும் ஏழை மக்களுக்குத் தடையாக இருப்பதையும் அதே வழிகாட்டி எழுதியிருக்கிறது.